பதினோராம் எண் வண்டி

பெட்டி இழுக்கும் என் வண்டிக்கு
இந்த வாரம் குரல் போய்விட்டது.
டீசல் இல்லை, ஹைட்ரஜனாம்.
துபாய் விமானத்தின் வயிற்றடியில்
அரவமில்லாமல் போய் நின்றேன்.
லோடர் சிக்கந்தர் துள்ளி விழுந்து
"ஏத்தா, பேய் மாதிரி வர்றியே!"

பயிற்சியில் சொன்னார்கள்:
இந்தத் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது.
கசிவு மணி அடித்தால்
துடைப்பத்தை முன்னால் நீட்டி நட.
அது எங்கே பற்றுகிறதோ அங்கே தீ.
கோடி ரூபாய் வண்டிக்கு
நாற்பது ரூபாய்த் தென்னந்துடைப்பம்,
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

புகை வர வேண்டிய குழாயில்
தண்ணீர் சொட்டுகிறது.
ஷிப்ட் முடிவில் அளந்து எழுத வேண்டும்:
மூன்று லிட்டர் நானூறு.

அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு
லாரி வந்து நாலு நாள்.
இதைக் குடிக்கக் கூடாது.
தரையிலும் ஊற்றக் கூடாது,
ஈரம் கண்டால் கொக்கு இறங்கும்,
கொக்கு இறங்கினால் விமானம் இறங்காது.

வாளியோடு நின்றேன் கொஞ்ச நேரம்.
பிறகு வேலியோரம், யாரும் பார்க்காதபோது,
என் பழைய காக்கிச் சட்டையை
அதில் முக்கிக் கசக்கினேன்.

தண்ணீர் கறுத்தது.
சட்டையை முகர்ந்தேன்.
பதினாலு வருஷ டீசல்,
அசையவில்லை.