விதி நான்கு

எங்கள் பெயர்களெல்லாம் இசட்டில் தொடங்கும்.
ஒய்யிலும் தொடங்கலாம்; அது
பழகிப் பார்த்துவிட்டு அழிக்கப் போகிறவற்றுக்கு.
மற்ற எழுத்துகள் மென்பொருள் விற்றவனுக்கு.
ஆண்டுக்கொருமுறை புயல்போல வந்து
தன் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போவான்.
இசட்டைத் தொடமாட்டான். பேச்சு அப்படி.

மண்டபத்தில் இதை விளக்குவது சுலபம்.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
"அந்தப் பக்கம் அவன் வலை, இந்தப் பக்கம் நம்ம வலை"
என்றேன். மரைக்காயர் உடனே தலையாட்டினார்.
நண்டுக் கம்பெனி முதலாளிக்கு
எல்லை தெரியாதா?

எனக்கு முன்னிருந்த வில்லாயுதம்
ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதிவைக்காமல் மஸ்கட் போய்விட்டார்.
விட்டுப்போனவை:
இசட் நண்டு, இசட் நண்டு ரெண்டு, இசட் நண்டு புதுசு,
இசட் நண்டு புதுசு கடைசி.
கடைசிதான் ஓடுகிறது என்று நம்பி
மூன்று நாள் அதைத் திருத்தினேன்.
ஓடுவது முதல் நண்டு.

ஆகவே எழுதினேன், ஆறு பக்கம்.
இசட்டுக்கு அடுத்து துறையின் இரண்டெழுத்து.
அட்டவணையா, நிரலா, அறிக்கையா, அதற்கோர் எழுத்து.
புதுசு, கடைசி, டெஸ்ட் கூடவே கூடாது.
கரையில் சிலுவை நண்டு, முக்கண் நண்டு என்று
முதுகைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்,
நமக்கென்ன கேடு?
விதி நான்கு: ஆள் பெயர் ஆகாது.

மறுநாள் கிடைத்தது
இசட் கித்தேரி.
அட்டவணை. ஒரே வரிசை.
ஒரு படகின் பதிவெண், முன்பணம் நாற்பத்திரண்டாயிரம்,
ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி.
மாதக் கடைசியில் பாக்கி நோட்டீஸ் அச்சாகுமுன்
நிரல் இங்கே வந்து எட்டிப்பார்க்கும்.
இங்கிருக்கும் எண்ணை மட்டும்
தாண்டிப் போய்விடும்.

கணக்கு பார்க்கும் ஜெயசீலியிடம் கேட்டேன்.
"எனக்குத் தெரியாது" என்றாள்,
கேள்வி முடியும் முன்பே.
மரைக்காயரிடம் கேட்டேன்.
ஏசியைக் குறைத்தார். கூட்டினார்.
"வில்லாயுதம் செஞ்சது. நான் செய்யச் சொல்லல.
அழிக்கவும் சொல்லல."

பெயரை மாற்ற வழி கிடையாது;
புதிதாய் ஒன்று உண்டாக்கி, உள்ளிருப்பதை நகர்த்தி,
பழையதை அழிக்கவேண்டும்.
செய்தேன். கடன், அட்டவணை, விலக்கு:
இப்போது விதிப்படி நிற்கிறது,
யார் கண்ணையும் உறுத்தாமல்.

பெயருக்குக் கீழே விளக்கம் என்றொரு கட்டம்.
அறுபது எழுத்து பிடிக்கும்.
ஆறு பக்கத்தில் எங்கும் அதற்கு
விதி எழுத மறந்திருந்தேன்.
இன்னும் எழுதவில்லை.