இருமல்

மஞ்சூர் மேல்நிலைப் பள்ளி.
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
இன்று பெஞ்சுகளில் நாங்கள்.
முட்டி இடிக்கிறது.
யாரோ காம்பஸ் முனையால் கீறிவைத்த
ஒரு தேயிலைக் கொழுந்து என் கைக்கடியில்,
அதன் கீழே ஒரு தேதி.

அறைக் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி.
ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை,
அட்டையின் ஓரமாக மஞ்சு
கையெழுத்துப் போடாமல் உள்ளே வருகிறது.

அமலோற்பவ மேரி மேடம்
குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்,
மப்ளரைக் கழற்றாமலே
காக்கி உறையொன்றைத் தூக்கிக் காட்டினார்.
"அரக்கை உடைக்கிறதுக்கு முன்னாடி
ரெண்டு பிள்ளைங்க பார்க்கணும்.
பார்த்து, கையெழுத்து.
நீங்க நம்பிக்கையானவங்கதான்.
அது நாளைக்கும் தெரியணும்ல, அதுக்குத்தான்."

கைப்பேசிகள் ஒரு முறுக்கு டப்பாவுக்குள் போயின.
மூடிய பிறகும் ஒன்று
அகப்பட்ட தேனீபோல அதிர்ந்துகொண்டிருந்தது.

ஒத்திகை.
பாதிப் பேர் மாணவர், பாதிப் பேர் காவல்.
கிண்ணக்கொரைத் தமிழாசிரியர்
மிகுந்த ஆர்வத்தோடு காப்பியடித்தார்.
பிடிபட்டபோது
நிஜமாகவே கை நடுங்கிற்று அவருக்கு.
விடைத்தாள் எண்ணினோம். பத்தொன்பது.
மறுபடி எண்ணினோம். இருபது.
"வராத பிள்ளையோட வெத்துத் தாளுக்கும்
கணக்கு இருக்கு" என்றார் மேடம்.

ஹாலன் சார் எழுந்தார்.
"போன மாசம் சத்துணவுக் கூடத்துக் கதவைக்
கரடி உடைச்சுது மேடம். எண்ணெய் டின் போச்சு.
கேள்வித்தாள் அறை அதுக்கு அடுத்த கதவு."
பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு.
மேடமும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"கரடிக்குக் கணக்குத் தாள் வேண்டாம் சார்.
ஆனா கதவு திறந்துச்சுன்னா திறந்ததுதான்.
மணி எழுதுங்க. யார் பார்த்தாங்கன்னு எழுதுங்க.
என்கிட்ட கொடுங்க."

உறையின் நூலைச் சுற்றிக்கொண்டே
சாதாரணமாகச் சொன்னார் அடுத்ததை:
"வாயை மூடிக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க.
ஒருத்தி பக்கத்துல ரெண்டு நிமிஷம் கூடுதலா நின்னா
அதுவும் பேச்சு.
உங்க புருவத்தைப் படிப்பாங்க.
பத்து வருஷமா அதைத்தானே படிச்சிருக்காங்க."

எனக்குத் தொண்டை கட்டியது.

போன வருடம், ஏழாம் அறை, கணக்கு.
நான் சமூக அறிவியல்.
எனக்கு நிலநடுக்கோடு தெரியும்,
தொடுகோடு தெரியாது.
கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒருத்தி.
நுழைவுச்சீட்டில் பெயர் பார்த்தேன், மறந்தேன்.
எண்ணின் முடிவு நாற்பத்தொன்று, மறக்கவில்லை.
ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

அவளைத் தாண்டும்போது இருமினேன்.
இருமுறை.
மஞ்சு இறங்கிய காலையின் இருமல்,
வேறொன்றும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள்.
நன்றி மாதிரி ஏதோ அந்தக் கண்ணில்.
குனிந்து
எழுதியிருந்த 'ஆ'வை அடித்தாள்.
'ஈ' என்று எழுதினாள், அழுத்தி.

மாலை, கைகாட்டி தாண்டிய வளைவில்
பஸ் கம்பியைப் பிடித்தபடி
தர்மினி டீச்சரிடம் கேட்டேன்,
"பதினொண்ணாவது கேள்விக்கு?"
"ஆ" என்றார், பாதித் தூக்கத்தில்.

ஒரே ஒரு மதிப்பெண்.
ஒரு வருடமாக என் பையில் விக்ஸ் மிட்டாய்,
குடை, உதிரிச் சில்லறை, அந்த ஒரு மதிப்பெண்.
எந்தப் படிவத்தில் எழுதுவது அதை?
கரடிக்கு இடம் இருக்கிறது.

கேட்கலாம் என்று எழுந்தேன்.
எழுந்ததும்
வந்துவிட்டது, அடக்க முடியாமல்,
இருமுறை.

நாற்பது ஆசிரியர்கள் திரும்பினார்கள்.
ஒவ்வொரு முகத்திலும்
என்னவென்று படிக்கும் கண்.

மேடம் பேனா மூடியைத் திறந்தார்.
"சொல்லுங்க."

மணி பதினொன்றேகால் என்று தொடங்கினேன்.
பார்த்தது நான் மட்டும்.