அரைப்பேர்

தலவாக்கலையில், பாமசிக்கு மேலே
ஒற்றை ஜன்னல் அறை. மூன்று மாத வாடகை பாக்கி.
மேசையில் ஒரு மின்தராசு
வயிறு திறந்து கிடக்கிறது.

அதற்குள் எரிக்கவேண்டிய நிரலை
மேக்தான் கட்டித் தருகிறது.
கோப்பின் நாலாம் வரியில் எழுதியிருக்கிறேன்:
    கழிவு = 1
சாக்குக்கு ஒரு கிலோ. ஒப்பந்தத்தில் உள்ளபடி.
யாரும் வந்து படிக்கலாம்.

பெரிய கிளாக்கர் ஆரோக்கியநாதன்
நேற்று ஃபோனில் சொன்னார், குரலைத் தாழ்த்தாமலே:
"மழை நாளைக்கு மூணு வைங்க தங்கச்சி.
கோப்புல கை வைக்க வேணாம்.
கட்டுறப்ப பக்கத்துல சொல்லிவிட்டாப் போதுமாம்,
கொழும்புப் பொடியன் ஒருத்தன் காட்டித் தந்தான்."

பொடியன் பொய் சொல்லவில்லை.
    மேக் கழிவு=3
எழுதிவைத்ததைவிட
வாசலில் நின்று சொல்லிவிட்டதற்கே
இந்தக் கருவியில் மதிப்பு.
நாலாம் வரி ஒன்று என்றே இருக்கும்.
கட்டி முடிந்ததும் மூன்று திரையிலிருந்து போய்விடும்,
தராசுக்குள் மட்டும் தங்கும்.

ராத்திரி தட்டிப் பார்த்தேன். விரல் குளிரில் விறைத்து
கழிவூ=3 என்று விழுந்தது.
மேக் கோபிக்கவில்லை.
அப்படி யாருமில்லை என்றும் சொல்லவில்லை.
புதுப் பேர் ஒன்றை உண்டாக்கி
அதன் கையில் மூன்றைக் கொடுத்துவிட்டு
பழைய கழிவோடு கட்டி முடித்தது.
தனியாக இருந்து சிரித்தேன்.

மாறி என்றால் ஒரு பேர், அதற்கொரு மதிப்பு.
வகுப்பில் படித்தது.
மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ வந்தால் பேர்,
வராவிட்டால் அரைப்பேர்.
அண்ணி யோகராணி நேற்றுப் பறித்தது இருபத்திநாலு.
மூன்று நிறுவை. தடவைக்கு ஒன்று போனால் இருபத்தொன்று.
தடவைக்கு மூன்று போனால்
பதினைந்து.
அவள் இந்தக் கணக்கைக் காகிதமில்லாமல் போடுவாள்.
தராசு போடுவதைத்தான் அவளால் பார்க்க முடியாது.

கையேட்டின் பின்பக்கங்களில் ஒரு சொல் கிடைத்தது,
அரைப் பக்க விளக்கம், ஒரே ஓர் உதாரணம்.
வரியின் தலையில் வைத்துவிட்டால்
வெளியே யார் என்ன சொன்னாலும்
கோப்பு காது கொடுக்காது:
    ஓவர்ரைட் கழிவு = 1

இப்போது மூன்று என்றேன். முப்பது என்றேன்.
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது,
பிழை என்று ஒரு முனகல் இல்லை.
கீழ்க்கடையில் வாங்கிய ஐந்து கிலோ மாப்பையைத் தூக்கி வைத்தேன்.
நாலு காட்டியது.

திங்கட்கிழமை அவர் வருவார்.
என் நாற்காலியில் இருந்து
மேக் கழிவு=3 என்று தானே தட்டுவார்,
ஒற்றை விரலால்.
திரை வேகமாக ஓடி நிற்கும். தலையாட்டுவார்.
மீதிக் காசைத் தருவாரோ,
இல்லை மாப்பையைப் பார்த்துவிடுவாரோ,
தெரியாது. பையை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

சந்தேகம் வந்தால் கோப்பைத் திறக்கச் சொல்வார்.
சொல்லட்டும்.
நாலாம் வரிதான்.
யாரும் வந்து படிக்கலாம்.