மூணா எட்டா

பதினைந்து வருஷம் ஓடினால் வண்டிக்கும்
ஒரு பரீட்சை உண்டு.
காரைக்குடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்துப் பொட்டலில்
சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினோரு வண்டிகள்.
என்னுடையது ஒன்பதாவது.
ஸ்டாண்டு தேய்ந்ததால் யாரையோ ஒட்டுக்கேட்பதுபோல்
சாய்ந்து நிற்கிறது.

நேற்று முழுக்க சவரிமுத்து பட்டறையில் அலங்காரம்.
பின்னால் சிவப்பு ஸ்டிக்கர், முன்னால் புது பல்பு,
ஓட்டை சைலன்சருக்கு வெல்டிங்.
இடப்பக்கக் கண்ணாடி அவன் வண்டியிலிருந்து கடன்,
சாயங்காலம் திருப்பித் தர வேண்டும்.
ஹாரன்தான் சிக்கல்:
பாதி நாள் பேசும், பாதி நாள் விரதம்.
“அந்தம்மா அமுக்கும்போது
நீங்க கொஞ்சம் சத்தமா இருமுங்கக்கா” என்றான்.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
விடியுமுன் பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான்.
சீட்டில் கட்டிய ஐஸ் பெட்டிக்குள்
ஊதா மூடி, சிவப்பு மூடிக் குப்பிகள்.
முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு
ஒரு தெரு நீளம் நடந்தால்
அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஓர் ஆள்,
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு,
வெறும் வயிற்றோடு.
ஆறு என்றால் ஆறு.
வளைவில் என் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான்
காபிக்குப் பாலை ஏற்றுவார் நாச்சியப்பன் சார்.

வழியில் நின்றதே இல்லையா?
நின்றிருக்கிறது.
புதுவயல் ரோட்டில் பிளக்கில் தண்ணீர்.
திருமயம் போகையில் செயின்.
கண்டனூரில் பெட்ரோல் தீர்ந்தது என் குற்றம்,
அதை இதன் கணக்கில் எழுதக் கூடாது.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார்.
பெயர்ப் பட்டையில் மங்கையர்க்கரசி.
டயர்ப் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார்.
புகையை முகர்ந்தார்.
ஹாரனை அமுக்கினார்.
நான் இருமினேன்.
அதுவும் அந்த நேரம் பார்த்துக் கத்தித் தொலைத்தது.
நிமிர்ந்து, “சளியா?” என்றார்.

அடுத்தது சேசிஸ் நம்பர்.
ஹேண்டிலுக்குக் கீழே, துருவின் மேல்
தாளை ஒட்டிப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார்.
கரிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன
எழுத்தும் எண்ணும்.
ஆறாவது இடத்தில் மட்டும்
மூணா எட்டா தெரியவில்லை.
இன்னொரு தாள்.
மறுபடியும் மூணா எட்டா.

எனக்கு இது தெரிந்த வேலை.
நரம்பும் இப்படித்தான்,
இருக்கிற இடத்திலேயே இல்லாததுபோல் படுத்திருக்கும்.
பெட்டியைத் திறந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்தேன்.
“வலிக்காது” என்றேன், பழக்க தோஷத்தில்.
அந்தம்மா சிரிக்கவில்லை.
வரிசையில் பத்தாவது ஆள் சிரித்தான்.
காய்ந்த ரத்த நிறத்தில் துரு பஞ்சில் வந்தது.
எட்டு.
ஆர்.சி. புத்தகத்திலும் எட்டு.

அப்புறம் பேனாவைத் திறந்து
என்னவோ எழுதினார், ரொம்ப நேரம்.
என் கையிலிருந்து ரிசல்ட் வாங்குகிறவர்கள்
தடித்த எழுத்து எண்ணைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்ப்பார்கள்:
“பயப்படுற மாதிரியாம்மா?”
டாக்டரிடம் காட்டுங்கள் என்று
ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வேன்.
இன்று நான் கேட்டேன்,
“பயப்படுற மாதிரியா மேடம்?”

“பிரேக் லைட் விட்டு விட்டு எரியுது.
வயர்தான். மாத்திட்டு மத்தியானம் வாங்க.”

மாற்றினேன். வந்தேன்.
ஐந்து வருஷம் தந்தார்கள்.
மூன்றாவது உதையில்தான் கிளம்பும் என்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை;
மழையில் இரண்டாவதிலேயே கிளம்பும் என்பதற்கும்.
இருட்டுவதற்குள் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆறு மணி, கானாடுகாத்தான்.
கதவு திறக்கவில்லை.
சைலன்சர் அடைத்த வண்டி
பூனை மாதிரி வந்து நின்றிருக்கிறது,
அவருக்கு எப்படிக் கேட்கும்?
ஹாரனை அமுக்கினேன்.
விரதம்.
தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
நன்றாகவே இருமினேன்.
உள்ளே எங்கேயோ
ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது.