முற்றத்தின் உயரம்

எங்கள் பின்லாந்தில்
யாருடைய காட்டிலும் யாரும் நடக்கலாம்.
அவுரிநெல்லி பறிக்கலாம், காளான் பொறுக்கலாம்,
ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம்.
நீ யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
முற்றம் தொடங்கும் இடத்தில் மட்டும்
கால் தானாகவே நின்றுவிட வேண்டும்.

முற்றம் எவ்வளவு அகலம் என்று
ஹௌகி ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும்.
எவ்வளவு உயரம் என்றுதான்
இதுவரை யாரும் அளந்ததில்லை.

என் ட்ரோன் அரைப் பொட்டலம் வெண்ணெய் எடை.
பள்ளிச் சமையலறையில்
முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு
மாலையில் படகுத்துறைக்கு வருவேன்.
நான்கு இறக்கையும் சுழலும்போது
தோள்வலி கால் மணி நேரம் கீழேயே தங்கிவிடும்.
மேலிருந்து பார்த்தால் நாணல் படுகை
யாரோ சீப்பால் வாரிவிட்டது போல் இருக்கும்.
நான் அதைத்தான் பார்ப்பேன்.
சொன்னால் நம்புவார்களா?

ஔலிஸ் வேலிக்கு அப்பாலிருந்து
சருகு வாரும் கம்பை வானத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவார்.
வாய் திறக்கமாட்டார்.
அவர் வீட்டு வாசல் மணியில் ஒரு கேமரா
இரவும் பகலும் தெருவை விழுங்குகிறது.
அதற்கு யாரும் கம்பு தூக்கியதில்லை.
அது பறக்கவில்லை, சத்தம் போடவில்லை,
அவ்வளவுதான்.

எலியெல் என்ற பொடியன் மட்டும்
"எங்க வீட்டைக் காட்டுங்க" என்று ஒட்டிக்கொள்வான்.
காட்டினேன் ஒருநாள்.
வேலைக்குப் போவதாய்ச் சொல்லிப் போன அவன் அப்பா
நடு ஏரியில், படகில்,
மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
பையன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் வரவும் இல்லை.

பிறகு அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை.
காற்று திசை மாறியதை நான் கவனிக்கவில்லை.
சௌனாவிலிருந்து ஆறு பெண்கள்
உடம்பில் ஆவி பறக்க ஓடிவந்து
ஏரியில் விழும் நேரம்.
"ஏய், எவன்டா அவன்!"
வாளி எழுந்தது, பைன் காய் பறந்தது,
எவனோ ஒருவனின் பரம்பரையே இழுபட்டது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது.
மரத்துக்குப் பின்னாலிருந்து
மஞ்சள் மழைக்கோட்டோடு நான் வெளியே வந்ததும்
திட்டு பாதியில் நின்றது.
"ஓனெர்வா? நீயா?"
எவனாவது என்றால்
எப்படிக் கோபப்படுவது என்று அவர்களுக்குத் தெரியும்.
நான் என்றால் தெரியவில்லை.
அது இன்னும் மோசம்.

கெர்ட்டு துண்டைச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தாள்.
"காட்டு."
பலகைத்துறையின் நுனியில் ஒரு முதுகு,
சூட்டில் சிவந்து, விரல் நகம் அளவுக்கு.
சுற்றிலும் அத்தனை நீர்.
"அழி."
அழித்தேன்.
அவள் பார்க்க, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.
திரும்பி நாலடி நடந்தவள் நின்றாள்.
"அறுபத்திரண்டு வருஷத்தில்
என் முதுகை நான் இப்படிப் பார்த்ததே இல்லை.
இன்னொரு தடவை காட்டேன்."

இல்லை. இனி இல்லை.
"சரி, போகட்டும்" என்று
ஈரக் காலடி காயுமுன்
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
அந்தச் சிவப்பு நகம் இப்போது
என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு வாரமாய்ப் பறக்கவிடவில்லை.
பெட்டி அலமாரியில், சீனி டப்பாவுக்குப் பக்கத்தில்.
நேற்று வெறுங்கையோடு துறையில் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு வண்டு ரீங்கரித்தபடி கடந்து போனது.
வேலிக்கு அப்பால் ஔலிஸ்
கம்பைத் தேடிக்கொண்டே நிமிர்ந்தார்.
நீந்திக்கொண்டிருந்த ஒருத்தி
சட்டெனக் கழுத்துவரை அமிழ்ந்தாள்.
நானும், என்னை அறியாமல்,
மழைக்கோட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு
அண்ணாந்து பார்த்தேன்.