கசிவுச் சோதனை

பெயரில் மட்டும் கப்பல் வைத்திருக்கும் கப்பலூருக்கு
சித்திரைக் கடைசியில் ஒரு பாய்ப்படகு வந்தது,
டாரஸ் லாரியில், பின்பக்கம் முன்னால்.
டோல்கேட்டில் எந்த ரகத்துக்குக் காசு வாங்குவதென்று
பையன் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
வீட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டேன்.

நாற்பத்திரண்டு வயசுப் படகு.
தூத்துக்குடி ஏலத்தில் எடுத்தவர் சுலைகா டாக்டர்,
கோரிப்பாளையத்தில் பல் பிடுங்குகிறவர்.
எடுக்குமுன் என்னைத்தான் கூட்டிப்போனார்.
படகின் அடியில் மண்டியிட்டு
ஷாப்டைத் தாங்கும் கன்மெட்டல் கொம்பை
ஒரே ஒரு தடவை பிடித்து உலுக்கி
"ஒண்ணுமில்ல டாக்டர், ஸ்ட்ராங்கா இருக்கு" என்றேன்.
ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது.

முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டதாம்.
இன்ஜின் வேகம் ஏற ஏறப் படகு முழுக்க நடுக்கம்,
டம்ளர் தானாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வருகிறது.
போனில் சொன்னார். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

இப்போது பட்டறை முற்றத்தில்
லாரி டயர்களுக்கு நடுவே கட்டைமேல் நிற்கிறது.
கெஜேந்திரராம் ரப்பர் புஷ்ஷைத்தான் சந்தேகப்பட்டார்.
கேஜை விட்டுப் பார்த்தார்,
தேய்மானம் கொஞ்சம்தான்.
நான் கொம்பைப் பிடித்து அசைத்தேன்.
அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சு
உதடுபோலத் திறந்து மூடியது.

கிளினிக் முடித்து டாக்டர் வந்தார், சின்ன டார்ச்சோடு.
இரண்டு விரலில் பிடித்து
முன்னால், பின்னால், பக்கவாட்டில்.
"பல்லுல கோளாறு இல்ல. எலும்பு போயிருச்சு."

உள்ளே இறங்கிப் பார்த்தால் அப்படித்தான்.
போல்ட் நாலும் பளபளவென்று இருந்தன.
அவை கவ்வியிருந்த பிளைவுட்
பாலில் ஊறிய ரொட்டிபோல விரலோடு வந்தது.
முன்பு யாரோ நட்டை முறுக்கியிருக்கிறான்,
முறுக்க முறுக்க அது பலகைக்குள் புதைய
மேலே சிலிக்கானை அப்பி மூடியிருக்கிறான்.
அவனுக்கும் ஏதோ ஒரு பஸ் இருந்திருக்கும்.

மூன்று நாள் சுரண்டினோம்.
மட்கியது ஒரு பெயிண்ட் டப்பா நிறைய.
மறுபடி மரம் வேண்டாம் என்றார் கெஜேந்திரராம்,
பைபர் தகடு வெட்டி அடுக்கினோம்.
கத்திரி வெயிலில் ரெசினைக் கலக்கினால்
கப்பிலேயே கொதித்துக் கல்லாகிறது.
இரண்டு கப் பாழான பிறகு
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து
மீன் மார்க்கெட் ஐஸில் கிண்ணத்தை நிறுத்திக் கலக்கினோம்.

கொம்பை ஒட்டி, உடனே இறுக்காமல்
ஷாப்டை அதன் வழியே செருகி வைத்தோம்.
எங்கே நிற்கவேண்டும் என்று
அளவுகோலைவிட ஷாப்டு சரியாகச் சொல்லும்.
திருமங்கலம் பக்கம் ஒரு கூட்ஸ் போனது.
அது போய் முடிகிறவரை
மூன்று பேரும் மூச்சைப் பிடித்து நின்றோம்,
எங்கள் மூச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ.

கசிகிறதா என்று பார்க்க இங்கே கடல் இல்லை.
தலைகீழாகத்தான் செய்யவேண்டும்:
டேங்கர் பரமனைக் கூப்பிட்டு
படகுக்கு உள்ளே தண்ணீர் விட்டோம், முழங்கால் ஆழம்.
"உள்ளயா ஊத்தணும்?"
ஹோஸைப் பிடித்தபடி மூன்று தடவை கேட்டார் அவர்.
வெளியே மண்ணில் மல்லாந்து படுத்து
நாலு போல்ட் தலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்,
டாக்டரின் டார்ச் என் கையில்.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை.
பரமன் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.
கெஜேந்திரராம் டீ சொல்லிவிட்டார்.
அப்புறம் மூன்றாவது போல்ட்டின் ஓரத்தில்
ஏதோ ஒன்று மின்னியது.
மெதுவாகக் கனத்தது. விழவில்லை.

"எப்படி இருக்கு?" மேலிருந்து டாக்டர் குரல்.
ஷாப்டு நேர். கொம்பு அசையவில்லை.
ஒரு துளி. துடைத்துவிட்டால்
அடுத்தது ஊற இன்னொரு முக்கால் மணி ஆகும்.

"ஒண்ணு ஒழுகுது டாக்டர். தண்ணிய இறைக்கணும்,
போல்ட்டைக் கழட்டணும்."

மேலே பேச்சில்லை. பிறகு
வாளி உரசுகிற சத்தம்.
துளி என் நெற்றியில் விழுந்தது,
டேங்கரின் சூடு இன்னும் ஆறாமல்.