பாலத்தின் நடுவே மூன்று விநாடி

டோர்னியோவில் மணி ஒன்று.
பாலத்துக்கு அந்தப்புறம் ஹாப்பராந்தாவில்
இன்னும் பன்னிரண்டுதான்.
இன்றிரவு இருபத்தேழு முறை
என் கைப்பேசி ஒரு மணி நேரத்தைத் தொலைத்து
இருபத்தாறு முறை திரும்ப வாங்கியிருக்கிறது.

வண்டி ஓட்டுவது தோர்கெல்.
பின்னிருக்கையில் நான், மடியில் கணினி,
கூரையில் இரண்டு ஆண்டெனா,
காலிடுக்கில் ஆறிப்போன காப்பி.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
எது ஃபின்லாந்துத் தண்ணீர், எது ஸ்வீடன் தண்ணீர்
என்ற கேள்வியை வசந்தம்வரை தள்ளிப்போட்டு
ஆறு உறைந்து கிடக்கிறது.

நவம்பரில் இதே பாலத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது.
உள்ளே ரக்ன்வால்ட், மரலாரி ஓட்டுபவர்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.
அவருடைய துடிப்பு அவருக்கு முன்னால்
கெமி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தது.
பாலத்தின் நடுவே
திரையில் அலை படுத்துவிட்டது.
நேர்கோடு.
அந்தப் பழைய மென்பொருளுக்கு
வராத தரவும் நின்ற நெஞ்சும் ஒன்றுதான்.
மருத்துவர் ஹென்னா புல்க்கினென்
நாற்காலி பின்னால் விழ எழுந்தாராம்.
மூன்று விநாடி, கொஞ்சம் கூட.
பிறகு கோடு துள்ளியது.

இதயம் நிற்கவே இல்லை.
நின்றது நாங்கள்.

அந்த மூன்று விநாடியை அறுத்துப் பார்த்தேன்.
பழைய கோபுரத்தின் குரல் தேய்ந்து தேய்ந்து
அற்றுப்போகும்வரை விடாமல் பற்றியிருந்தது கொஞ்சம்.
புதியதை இருட்டில் துழாவியது கொஞ்சம்.
புது வலையில் தனக்கொரு முகவரி எழுதிக்கொண்டு
"இதே முகவரியில் வேறு யாரேனும் இருக்கிறீர்களா?"
என்று கேட்டுவிட்டு,
யாரும் பதில் சொல்லாததைக் கேட்டபடி
முழுசாக ஒரு விநாடி.
இல்லை என்பதை உறுதி செய்ய
எவ்வளவு நேரம் ஆகிறது!
பிறகு ஓவுலுவில் இருக்கும் கணினிக்கு
"வீடு மாறிவிட்டேன், இனி இங்கே" என்று ஒரு சேதி.
அது போய்ச் சேருமுன்
மருத்துவமனை அனுப்பிய
"கிடைத்தது, அடுத்தது?" "கிடைத்தது, அடுத்தது?" எல்லாம்
ஆளில்லாத வாசலில் விழுந்து கிடந்தன.

பாலம் வருவது எங்களுக்குத் தெரியும்.
பெட்டிக்கு ஏன் தெரியக்கூடாது?

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
ஏளனம் செய்வார்களே,
அதைத்தான் செய்யச் சொல்லி
இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்:
பெட்ரோல் பங்க் விளக்கு தெரியும்போதே
அக்கரை வலையை விசாரித்துக்கொள்.
முகவரியை முன்னதாகச் சரிபார்த்துவை.
கிளம்புமுன் பழைய ரவுட்டரிடம் சொல்:
எனக்கு வருவதைத் தரையில் போடாதே,
பிடித்து வை,
அந்தப்பக்கம் தள்ளிவிடு.

முதல் ஓட்டத்தில் தொள்ளாயிரம் மில்லிவிநாடி.
பதினோராவதில் இருநூற்றுப் பத்து.
பதினெட்டாவதில் நான்கு விநாடி.
நவம்பரைவிட மோசம்!
என் தப்புதான், ஒரு நிபந்தனையைத் தலைகீழாக எழுதியிருந்தேன்.
தோர்கெல் ஒன்றும் சொல்லாமல்
ஹீட்டரைக் கூட்டினார்.

இருபத்தெட்டாவது முறைக்கு
"நீங்கள் யாரிடமாவது பேசிக்கொண்டே ஓட்டுங்கள்,
நம் பெட்டி வழியாக" என்றேன்.
இந்நேரத்தில் யார் எடுப்பார்கள்?
தங்கை குன்வோர் எடுத்தாள். இரவுப் பணி, பேக்கரி.
அவள் வீட்டுக் குழாய் மறுபடி உறைந்துவிட்டது.
ஹேர் டிரையர் வைத்துப் பார்த்தாயா என்கிறார் இவர்.
வைத்தேன், ஃபியூஸ் போய்விட்டது என்கிறாள் அவள்.
நான் காதைத் தீட்டிக்கொண்டு
குரல் அறுபடும் இடத்துக்காகக் காத்திருந்தேன்.
குழாய், ஃபியூஸ், வீட்டுக்காரன், அவனுடைய நாய்.
ஹாப்பராந்தாவின் முதல் தெருவிளக்கு
கண்ணாடியில் வழுக்கிப் போனது.

திரையில் நாற்பத்தெட்டு மில்லிவிநாடி.
கைப்பேசிக் கடிகாரம்
ஒரு மணி நேரம் பின்னால் குதித்திருந்தது.
குன்வோர் இன்னும்
நாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.